ஐந்நூறாவது பெட்டி

லிஃப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒருவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுப் பராமரிப்பு அட்டையில் கையெழுத்துப் போடுவார். இன்னொருவர் அட்டையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார். கிரீஸ் அண்ணன் முதல் வகை. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட, கீழே குழிக்குள் விளக்கடித்துப் பார்க்காமல், மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தொட்டுப் பார்க்காமல், அந்த மாதத்துக்கான கட்டத்தில் அவர் பேனாவை வைத்ததில்லை. கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்: "அண்ணன் நாற்காலியில உக்கார்றதுக்கு முன்னாடி நாலு காலையும் ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவாரு." அதில் பாதி உண்மை. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பாக மசகு ஒட்டியிருக்கும் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் படுத்துக்கொண்டு ஒரு பொய் எழுதினார். ஒரே வரி. அவர் வாழ்க்கையில் அதற்கு முன் பொய்யே சொன்னதில்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனால் மற்ற பொய்களுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஜியோகேஷிங் என்று அதற்குப் பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் போனை வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது. வளர்ந்த ஆட்கள், வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, புதருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். வழியில் போகிறவர்கள் என்னவென்று கேட்டால், "சாவி விழுந்துடுச்சுங்க" என்பார்கள். ஒரே ஆள் வருடத்துக்கு நூறு சாவி தொலைப்பார்.

கிரீஸ் அண்ணன் இதில் விழுந்ததே வேலையின் வழியாகத்தான். ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டில், கைப்பிடிக்குப் பின்னால் காந்தம் வைத்து ஒட்டியிருந்த டப்பா ஒன்று அவர் கையில் தட்டியது. திறந்தால் உள்ளே முப்பது பெயர்கள். ஏதோ தவறான காரியம் என்று நினைத்து அங்கேயே காவல் நின்றார். அரை மணி நேரத்தில், போனைப் பார்த்தபடியே வழுக்கைத் தலை ஆள் ஒருவர் வந்தார். மருந்துக்கடைக்காரர். "அது எங்களோடதுங்க" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அந்த ஊர்க் குழுவுக்கு அவர்தான் எல்லாம். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கிரீஸ் அண்ணன் போனார். பிறகு ஒரு கூட்டத்தையும் அவர் விட்டதில்லை.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கூட்டம். பூங்காவில் இருபது பேர் கூடுவார்கள். வந்தவர் எல்லோரும் ஒரு பலகையில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு சேர்ந்து எங்காவது நடை, வழியில் நாலு பெட்டி, கூடவே ஒரு பையில் வழியில் கிடக்கும் குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். சம்பளம் வாங்கும் வேலையில் யாரும் ஒருவரை ஒருவர் இவ்வளவு மரியாதையாக நடத்தி நான் பார்த்ததில்லை.

கிரீஸ் அண்ணனின் பெட்டிதான் அந்தப் பக்கத்திலேயே பழையது. பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து நாற்பது நிமிடம் நடந்தால், பயன்பாட்டில் இல்லாத தண்ணீர்த் தொட்டி ஒன்று வரும். அதன் பக்கத்தில் இரும்பு ஏணி. பதினெட்டுப் படி ஏறினால், குழாய் வளைவுக்குப் பின்னால் காந்தத்தில் பெட்டி. ஒன்பதரை வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறி எழுதியிருந்தார்கள். அவருக்கு அது தன் பெயரில் இருக்கும் ஒரு வீடு மாதிரி.

அந்த வருடம் மழை விடவில்லை. இரண்டு பேர் அடுத்தடுத்து "கிடைக்கவில்லை" என்று எழுதினார்கள். முதல் ஆள் ஒரு வரிதான் எழுதியிருந்தார். இரண்டாவது ஆள் ஒரு பத்தி எழுதியிருந்தார். கிரீஸ் அண்ணன் அதன் முதல் வரியைப் படித்தார், "தேடத் தெரியாதவன்லாம் வந்துடறான்" என்று முனகினார், போனை மூடிவிட்டார். பெட்டியின் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்தது. தளத்தை மேற்பார்க்கும் ஆள் கடிதம் போட்டார். உரிமையாளர் ஒரு மாதத்துக்குள் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி பட்டியலிலிருந்து நீங்கும்.

குழிகளில் மண்டியிட்டே அவருடைய வலது முழங்கால் போயிருந்தது. மழையில் அது பன் மாதிரி வீங்கிக்கொள்ளும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு, கடைசி நாளும் வந்தது. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சோபாவில் காலை நீட்டிப் படுத்து, வெந்நீர்ப் பையை முட்டியில் வைத்துக்கொண்டு எழுதினார்: "நேரில் சென்று பார்த்தேன். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. எல்லாம் சரி."

மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"எப்பப் போனீங்க?"

"போவேன். வர்ற வாரம்."

"அப்ப வர்ற வாரம் எழுதுங்க."

"கெடு இன்னிக்கோட முடியுது. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு."

அவள் விட்டுவிட்டாள். சிவப்புக் குறி மறைந்தது. அதோடு அவர் மனதில் இருந்த உறுத்தலும் மறைந்தது, அதுதான் வினையே. வர்ற வாரம் அவர் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. உரிமையாளர் பார்த்தேன் என்று எழுதிவிட்டால், அதற்கு மேலே இருக்கும் "கிடைக்கவில்லை"களை யாரும் படிப்பதில்லை. அந்த ஆட்டத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

ஒரு திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, உங்க தொட்டிக்குப் பத்து வருஷம் ஆகப் போகுது. இந்த மாச நடை அங்கதான். நம்ம ஊசி இதுவரைக்கும் நானூத்தித் தொண்ணூத்தி ஒம்பது பெட்டி கண்டுபிடிச்சாச்சு. ஐந்நூறாவது உங்க பெட்டியாவே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

ஊசி ஒரு தையல்காரி. ஐம்பது வயது இருக்கும், கனத்த உடம்பு. வாரம் ஆறு நாள் ஒரு கடையில் சட்டைக் காலர் வைத்துத் தைப்பாள். சுண்டுவிரல் நகமளவு டப்பாவைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். உயரம் என்றால் மட்டும் ஆகாது. "மேல இருக்கறதெல்லாம் உங்களுக்கு, கீழ இருக்கறதெல்லாம் எனக்கு" என்று பங்கு பிரித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். ஐந்நூறாவது என்பதால் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏறுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று கிரீஸ் அண்ணன் நிஜமாகவே முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை ஒரு துணிக்கடையில் எட்டுப் பேரோடு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. வேலை முடிந்து வீடு வந்தபோது முட்டி மடங்கவில்லை. நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடலாம் என்று படுத்தார். எல்லோருக்கும் முன்னால் போனவர் மருந்துக்கடைக்காரர். இவர் போனபோது தொட்டியடியில் பதினெட்டுப் பேர் நின்றுகொண்டு கைதட்டினார்கள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேலே, ஏணியைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்குக் கீழே, சிமெண்டில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. வேறு யார் பார்த்தாலும் அது மழைக்கறை. இரும்போடு இருபத்தாறு வருடம் இருந்தவருக்கு அது என்னவென்று தெரியும். உள்ளே போல்ட் துருப்பிடித்து அழுகிக்கொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். "இருங்க, நான் முதல்ல ஏறிப் பாக்கறேன்" என்றிருந்தால்கூடப் போதும். ஏன் சொல்லவில்லை என்று பிறகு ஆயிரம் தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். முன்னால் ஏறிப் பார்த்தால், போன மாதம் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

ஊசி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் பெய்த மழையில் படிகள் ஈரம். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"பாத்தேம்மா" என்றார் கிரீஸ் அண்ணன்.

அப்புறம் ஏதோ பெரிய ஏற்பாடு செய்பவர் போல, "ஒவ்வொருத்தரா ஏறுங்க, ரெண்டு பேர் சேர்ந்து ஏறாதீங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அவள் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள். கீழே இருந்தவர்கள் எண்ணினார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. பதினைந்தில் அவள் "ஐயோ" என்றாள். ஏணி மேல்பக்கம் ஒரு சாண் விலகித் திரும்பியதை அவர் ஒருவர்தான் பார்த்தார். மற்றவர்கள் பார்த்தது, ஒரு கனத்த பெண் ஈரப்படியில் கால் வழுக்கி விழுந்ததை.

முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் அழுதுவிட்டார். குழுப் பக்கத்தில் "நம் சகோதரி கால் தவறி விழுந்துவிட்டார்" என்று எழுதினார். கீழே வரிசையாக ஆறுதல்கள். நடுநடுவே, இந்த வயதில், இந்த உடம்போடு, ஈரத்தில் ஏறியிருக்க வேண்டாம் என்று நாசூக்காக நாலு பேர்.

மறுநாள் மதியம் கிரீஸ் அண்ணன் தனியாகத் தொட்டிக்குப் போனார். இடுப்பில் வேலைக்கான பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்துக் குழாயைப் பிடித்து, முட்டி வலிக்க வலிக்க ஏறினார். மேல் பட்டையில் போல்ட் இல்லை. ஓட்டைதான் இருந்தது. கையால் தள்ளினால் ஏணி போய் வந்தது. குழாய் வளைவுக்குப் பின்னால் கையை விட்டார். பெட்டியும் இல்லை. எப்போதோ யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், அல்லது காற்றில் விழுந்து மழைத்தண்ணீரில் அடித்துக்கொண்டு போயிருக்கும். அவள் ஏறியது இல்லாத ஒன்றுக்காக.

கீழே இறங்கி உட்கார்ந்து, அந்த இரண்டாவது "கிடைக்கவில்லை"யை முதல்முறையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார். "ஏணி மேலே ஆடுகிறது. பயமாக இருந்ததால் கடைசி மூன்று படி ஏறவில்லை. உரிமையாளர் தயவுசெய்து கவனிக்கவும்."

அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. "இப்ப சொல்லி என்னண்ணே ஆகப் போகுது? அவங்க எழுந்து நடந்துருவாங்களா? முதல்ல உடம்பு தேறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கிரீஸ் அண்ணன் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். எதைக் கேட்க வேண்டும் என்று போனாரோ அதுவே கிடைத்தது.

தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். ஊசியின் கணவர் பஸ் டிரைவர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து உட்காருவார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார், பயம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் இவளுக்கு. ஏணி ஏறினாளாம் ஏணி! பெட்டி தேடப் போறாளாம் பெட்டி. கேளுங்க சார், இவ செஞ்ச வேலைய."

ஊசி கூரையைப் பார்த்தபடி சொல்வாள்: "என் காலுதாண்ணே வழுக்கிடுச்சு. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. எனக்கு எதுக்கு அந்த ஆசை? இப்ப இவருக்குத்தான் கஷ்டம்."

இதைக் கேட்கும்போதெல்லாம் கிரீஸ் அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவார். கணவர் இருக்கிறாரே என்று ஒரு நாள் சொல்லவில்லை. நர்ஸ் இருக்கிறாரே என்று ஒரு நாள். அவள் தூங்குகிறாளே என்று ஒரு நாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்பாள், "சொல்லிட்டீங்களா?" அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

வேலையிலும் கை ஓடவில்லை. ஒரே குழிக்குள் மூன்று தடவை இறங்கினார். பார்த்து முடித்த பிரேக்கை மறுபடி போய்ப் பார்த்தார். அட்டையில் பேனாவை வைத்துக்கொண்டு நிற்பார், கையெழுத்து வராது. ஒரு குடியிருப்பில் லிஃப்டை அரை நாள் நிறுத்தி வைத்துவிட்டார் என்று புகார் போனது.

ஏழாவது நாள் அவர் துணிந்துவிட்டார். கணவர் டூட்டியில் இருக்கும் நேரம் பார்த்துப் போனார். பக்கத்துக் கட்டில் காலி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேண்ணே" என்றாள் அவள். குரலில் வெட்கம் இருந்தது. "நான் விழுந்தப்புறம் யாராவது ஏறிப் பெட்டிய எடுத்தாங்களா? தொட்ட மாதிரிதான், மூணு படிதான் பாக்கி. என் பேர எழுதினா அது கள்ளாட்டமாயிடுமா?"

அவள் முகத்தைப் பார்த்தார். ஏழு நாளில் அந்த முகத்தில் ஆசை என்று எதையும் அவர் பார்த்திருக்கவில்லை.

"எழுதிட்டோம்மா" என்றார். "நானே ஏறி எழுதினேன். ஐந்நூறுன்னு போட்டு, உன் பேரு போட்டு, தேதி போட்டு."

அவள் சிரித்தாள். "சரி, நீங்க என்னவோ சொல்லணும்னீங்களே?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் தேறணும்னு சொல்ல வந்தேன்."

இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரக்கம் என்று அவர் அன்று நினைத்துக்கொண்டார். லிஃப்டில் இறங்காமல் மூன்று மாடியும் படியிலேயே இறங்கினார்.

ஒன்பதாவது நாள் நுரையீரலில் சளி கட்டி ஜுரம் வந்தது. வாயில் குழாய் வைத்து வேறு அறைக்கு மாற்றினார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. பன்னிரண்டாவது நாள் விடியும்போது அவள் இறந்துபோனாள்.

நான்கு நாள் கழித்துக் கிரீஸ் அண்ணன் அவர்கள் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை மருந்துக்கடைக்காரரைக் கேட்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். "போயிட்டு வாங்க" என்றாள் அவள், கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஒற்றை அறை, அதை ஒட்டிச் சமையலறை. ஜன்னலடியில் தையல் மிஷின். அதன் மேல் காலர் வைக்காத சட்டைகள் ஒரு கட்டு. கடையிலிருந்து அவற்றைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை. டிரைவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைக் காட்டினார். இவர் உட்காரவில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சோபா, மழை, எழுதிய வரி, துருக்கோடு, "பாத்தேம்மா" என்றது, போல்ட் இல்லாத ஓட்டை, இல்லாத பெட்டி, எழுதாத பெயர். எதையும் பூசி மெழுகவில்லை. போலீசிடமும் இன்றைக்கே எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது அவருக்கு.

டிரைவர் அடிக்கவில்லை. பாடம் புரியாத பிள்ளை போல நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவ வழுக்கி விழல?"

"இல்லீங்க. ஏணிதான் விலகிடுச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அவ கெட்டியாத்தான் பிடிச்சிருந்தாளா?"

"கெட்டியாத்தான் பிடிச்சிருந்தாங்க."

டிரைவர் எழுந்து மிஷின் பக்கம் போனார். சட்டைக் கட்டை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"எட்டு நாள் சார். அவளுக்குக் காது கேட்ட எட்டு நாளும் திட்டினேன். நீங்களும்தான் பக்கத்துல உக்காந்து கேட்டீங்க. குழாய் வைக்கறதுக்கு முன்னாடி என்ன சொன்னா தெரியுமா? 'இனிமே போகவே மாட்டேங்க, மன்னிச்சிடுங்க'ன்னா. 'இப்ப வந்து சொல்ற'ன்னு எரிஞ்சு விழுந்துட்டு டூட்டிக்குப் போயிட்டேன்."

கிரீஸ் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் குரலில் இப்போது கோபம் கொஞ்சம்கூட இல்லை.

"அவகிட்ட சொல்ல வேண்டியத என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க. நீங்க உங்க பாரத்த இறக்கி வெச்சாச்சு. நான் யார்கிட்ட சார் போய்ச் சொல்றது?"